தப்பு செய்தால் தேர் இறங்கும்! 40 ஆண்டுகளாக வாழும் ‘அவதார்’ கேம்

வாட்ஸ்அப்பில் உங்கள் முகச்சாயலில் ஒரு கார்ட்டூன் பொம்மை செய்து, அதையே ஸ்டிக்கராக அனுப்பலாம். மீசை வைக்கலாம், கண்ணாடி மாட்டலாம், சட்டையை மாற்றலாம். அந்தப் பொம்மைக்குப் பெயர் ‘அவதார்’.

ஆமாம், திருமாலுக்குப் பத்து என்று வீட்டுப் பெரியவர்கள் விரல்விட்டு எண்ணுவார்களே, அதே அவதாரம்தான்! கோயில் கோபுரத்தில் இருந்த சொல் செல்போனுக்குள் எப்படி வந்தது?

1979-லேயே அமெரிக்காவின் இல்லினாய்ஸ் பல்கலைக்கழகக் கணினியில் ‘அவதார்’ என்ற பெயரில் ஒரு விளையாட்டு இருந்தது. ஆனால், ‘திரைக்குள் நடமாடும் அந்த உருவம் வேறு யாரோ அல்ல, அது நீதான்’ என்ற பொருளோடு அந்தச் சொல்லைப் பிரபலமாக்கியது 1985-ல் வெளியான ‘அல்டிமா 4: குவெஸ்ட் ஆஃப் தி அவதார்’ என்ற கேம். கட்டம் கட்டமான படங்கள், கீச்கீச்சென்ற சத்தம். இன்றைய குழந்தையிடம் காட்டினால், ‘இதெல்லாம் ஒரு கேமா?’ என்று சிரிக்கும். ஆனாலும், ‘எல்லாக் காலத்துக்கும் சிறந்த கேம்கள்’ என்று யார் பட்டியல் போட்டாலும் இதைத் தாண்டிப் போவது கடினம். 1996-ல் ‘கம்ப்யூட்டர் கேமிங் வேர்ல்டு’ என்ற அமெரிக்கப் பத்திரிகை தேர்ந்தெடுத்த 150 சிறந்த கேம்களில் இதற்கு இரண்டாவது இடம்.

அப்படி என்னதான் இருக்கிறது இதில்?

பிளாஸ்டிக் கவரில் பிறந்த கேம்

இதை உருவாக்கியவர் ரிச்சர்ட் கேரியட். அப்பா ஓவன் கேரியட், விண்வெளி வீரர். 1973-ல் ஸ்கைலாப் விண்வெளி நிலையத்தில் தங்கியவர். மகனுக்கோ கம்ப்யூட்டர் பைத்தியம். பள்ளிப் பருவத்திலேயே எழுதிய ‘அகலபெத்’ என்ற கேமை, தான் வேலை பார்த்த கம்ப்யூட்டர் கடையில் பிளாஸ்டிக் கவரில் போட்டு விற்க ஆரம்பித்தார். பின்னாளில் சொந்தச் செலவில் விண்வெளிக்கே போய் வந்தார். அது 2008-ல்.

1981-ல் தொடங்கி வரிசையாக மூன்று அல்டிமா கேம்கள் வந்தன. மூன்றும் நன்றாக விற்றன. மூன்றிலும் கதை ஒன்றுதான். ஊர் ஊராகப் போ, பலம் சேர், கடைசியில் வில்லனைக் கொல். நடுவில் கடையில் திருடலாம், அப்பாவிகளை அடித்துக் காசு பிடுங்கலாம். யாரும் கேட்க மாட்டார்கள். வில்லனைக் கொன்றுவிட்டால் போதும், நீதான் ஹீரோ!

1983-ல் கேரியட் குடும்பத்தினரோடும் நண்பர்களோடும் சேர்ந்து ‘ஆரிஜின் சிஸ்டம்ஸ்’ என்ற சொந்தக் கம்பெனி தொடங்கினார். அதன்பிறகு வாசகர் கடிதம்போல ஆட்டக்காரர்களின் கடிதங்கள் நேராக அவர் கைக்கே வந்தன. பிள்ளைகளைப் பெற்றவர்களும் எழுதினார்கள். ‘என் பிள்ளைக்கு எதைக் கற்றுக்கொடுக்கிறீர்கள்?’ என்பதுதான் பல கடிதங்களின் சாரம். அந்தக் கேள்வி அவரை உறுத்தியது.

அந்த நேரத்தில்தான் இந்து மதத்தின் அவதாரக் கருத்தைப் பற்றிய ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சி அவர் கண்ணில் பட்டது. நற்குணங்களில் தேர்ச்சி பெற்று உயர்வது என்ற எண்ணம் பிடித்துக்கொண்டது. அடுத்த கேமின் கரு கிடைத்துவிட்டது. அந்த கேம் வெளியானபோது அவருக்கு வயது 24.

வேடம் கட்டும் விளையாட்டு

இந்த வகை கேம்களுக்கு ‘ரோல் பிளேயிங் கேம்’ என்று பெயர். சுருக்கமாக ஆர்.பி.ஜி. நமக்குப் புரியும்படி சொன்னால், வேடம் கட்டி ஆடும் விளையாட்டு. 1974-ல் அமெரிக்காவில் வெளியான ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’தான் இவற்றுக்குத் தாய். நாலைந்து பேர் மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு வேடம் எடுத்து, தாயக்கட்டைபோல் பகடை உருட்டிக் கதையை நகர்த்துவார்கள். அதைக் கம்ப்யூட்டருக்குக் கொண்டுவந்தவர்களில் கேரியட்டும் ஒருவர்.

வேடம் கட்டுவது நமக்கு ஒன்றும் புதிதில்லை. புதுச்சேரியின் நெட்டப்பாக்கம், பாகூர், வில்லியனூர் வட்டாரங்களும் அவற்றை ஒட்டிய விழுப்புரம், கடலூர் பக்கமும் தெருக்கூத்துக்கும் திரௌபதி அம்மன் வழிபாட்டுக்கும் பேர்போனவை. அம்மன் கோயில் திருவிழாவில் பகலில் பாரதப் பிரசங்கம், இரவில் விடிய விடியக் கூத்து. அர்ச்சுனன் தபசு, அபிமன்னன் சண்டை, கர்ண மோட்சம் என்று போய், கடைசியில் படுகளமும் தீமிதியும். கதை எல்லோருக்கும் மனப்பாடம். அபிமன்னன் சாகப்போகிறான் என்று சின்னப்பிள்ளைக்கும் தெரியும். ஆனாலும் வருஷா வருஷம் பாய் விரித்து உட்கார்கிறார்கள், அந்த இடம் வந்ததும் முந்தானையால் கண்ணைத் துடைக்கிறார்கள்.

அந்தக் கூத்தில் ஒரு வழக்கம் உண்டு. துகிலுரிதல் காட்சியில் துச்சாதனன் வேடம் கட்டியவர், பாஞ்சாலியின் சேலையைத் தொடுவதற்கு முன் அம்மனைக் கும்பிட்டு மன்னிப்புக் கேட்பார். ‘வேடம்தானே, நானா செய்கிறேன்?’ என்று அவர் தப்பித்துக்கொள்வதில்லை. வேடத்தில் செய்தாலும் கை தன் கைதான் என்ற பயம் அது.

கேரியட் தேடியதும் ஏறக்குறைய அதைத்தான். ‘திருடியது நான் இல்லை, கேமில் வரும் பொம்மை’ என்று ஆட்டக்காரர் கைகழுவக் கூடாது. செய்தது நீ, பொறுப்பும் உனக்கே. அதற்குத்தான் அவருக்கு ‘அவதார்’ என்ற சொல் தேவைப்பட்டது.

குறி சொல்பவள் கேட்கும் 7 கேள்விகள்

மற்ற கேம்களில் ஆரம்பத்திலேயே ‘போர்வீரனா, மந்திரவாதியா?’ என்று கேட்பார்கள். பிடித்ததைத் தொட்டால் போதும். அல்டிமா 4-ல் அப்படிக் கிடையாது. குறி சொல்லும் ஒரு நாடோடிப் பெண் சீட்டுகளை விரிக்கிறாள். ஏழு கேள்விகள் கேட்கிறாள். எல்லாமே தர்மசங்கடமான கேள்விகள்.

நேர்மையா, கருணையா? வீரமா, நீதியா? இரண்டில் ஒன்றைத்தான் எடுக்கலாம். இரண்டுமே நல்லவைதான். அதனால்தான் பதில் சொல்லக் கை தயங்குகிறது. நச்சுப் பொய்கைக் கரையில் தம்பிகள் நால்வரும் விழுந்து கிடக்க, ‘ஒருவனை மட்டும் எழுப்பலாம், யார் வேண்டும்?’ என்ற கேள்வி தர்மருக்கு வந்ததே, அந்த மாதிரிச் சங்கடம். பீமனையும் அர்ச்சுனனையும் விட்டுவிட்டு, சிற்றன்னை மாத்ரிக்கும் ஒரு பிள்ளை மிஞ்சட்டும் என்றார் தர்மர்.

நேர்மை, கருணை, வீரம், நீதி, தியாகம், மானம், ஆன்மிகம், பணிவு என்று எட்டுக் குணங்கள். ஒன்றோடு ஒன்று மோதி, கடைசியில் ஒன்று ஜெயிக்கும். அதை வைத்தே உங்கள் வேடம் முடிவாகும். வீரம் என்றால் போர்வீரன். கருணை என்றால் பாணன். பணிவு ஜெயித்தால்? ஆடு மேய்ப்பவன்! இருப்பதிலேயே பலம் குறைந்த வேடம் அதுதான். பணிவைத் தேர்ந்தவருக்கு முதல் பரிசோதனை அங்கேயே ஆரம்பித்துவிடுகிறது.

கண் தெரியாத மூலிகைக்காரி

இந்த கேமைப் பற்றிப் பேசும் எல்லோரும் மறக்காமல் சொல்வது ஒரு கடையைத்தான்.

மந்திரம் போட மூலிகைகள் வேண்டும். பூண்டு, ஜின்செங், சிலந்திப் பட்டு என்று ஒரு பட்டியல். விற்பவளுக்குக் கண் தெரியாது. விலையைச் சொல்லிவிட்டு, ‘எத்தனை காசு வைக்கிறாய்?’ என்று கேட்பாள். எண்ணை நீங்களேதான் தட்ட வேண்டும். 30 காசுச் சரக்குக்கு 1 காசு வைத்தாலும் வாங்கிக்கொண்டு அனுப்பிவிடுவாள். மணி அடிக்காது, சிவப்பு விளக்கு எரியாது, காவலர் வர மாட்டார்.

ஆனால் கேம் குறித்துக்கொள்ளும். நேர்மை குறைந்துவிட்டது. உங்களுக்கு மட்டும் தெரியாது.

இப்படித்தான் எல்லாமே. பிச்சைக்காரருக்குக் காசு கொடுத்தால் கருணை கூடும். வைத்தியசாலையில் ரத்ததானம் செய்தால் தியாகம் கூடும், உடல்பலம் அந்த அளவுக்குக் குறையும். சண்டையில் முதுகு காட்டினால் வீரம் இறங்கும். பேச்சுவாக்கில் யாராவது உங்களைச் சீண்டும்போது பெருமை அடித்துக்கொண்டால் பணிவு போச்சு. எந்தக் குணம் எவ்வளவு என்று திரையில் மதிப்பெண் காட்டுவதே இல்லை. அரண்மனையில் ஒரு ஞானி இருக்கிறார். அவரிடம் போய்க் கேட்டால், ‘இதில் நீ இன்னும் தூரம் போகணும்’ என்கிற மாதிரி கோடி காட்டுவார், அவ்வளவுதான்.

பாரதத்தில் தர்மரின் தேர் எப்போதும் தரைக்கு நாலு விரற்கடை மேலேயே ஓடும். துரோணரை வீழ்த்த அவர் அந்த ஒரு பொய்க்குத் துணைபோன உடனே தேர் தரையைத் தொட்டுவிட்டது. யாரும் தண்டிக்கவில்லை, சாபம் கொடுக்கவில்லை. அல்டிமா 4-ன் கணக்கும் அந்தத் தேரைப் போலத்தான். உங்களை மிரட்டாது, சத்தமில்லாமல் இறக்கிவிடும்.

எல்லாக் குணங்களிலும் தேறினால், எட்டு ஆலயங்களுக்குப் போய் அந்தந்த மந்திரத்தைச் சொல்லித் தியானம் செய்ய வேண்டும். ஆன்மிகத்துக்கான மந்திரம் என்ன தெரியுமா? ‘ஓம்!’

கடைசியில் வில்லனே இல்லை

மந்திரங்கள் என்ன, எங்கே எது கிடைக்கும் என்று யாரும் பட்டியல் தருவதில்லை. ஊர் ஊராகப் போய், ஆட்களிடம் பேர் கேட்டு, தொழில் கேட்டு, அவர்கள் சொன்ன ஒரு சொல்லைப் பிடித்து அடுத்த கேள்வியைத் தட்டச்சு செய்ய வேண்டும். பக்கத்தில் ஒரு நோட்டுப் புத்தகம் இல்லாமல் ஆட முடியாது. பெட்டியோடு துணியில் அச்சடித்த வரைபடம், இரண்டு புத்தகங்கள், ஒரு சின்ன உலோகச் சின்னம் எல்லாம் தந்தார்கள்.

இத்தனைக்கும் அந்தப் பெரிய உலகம் அடங்கியது இரண்டே ஃபிளாப்பிகளின் நான்கு பக்கங்களில். கூட்டிப் பார்த்தால் அரை மெகாபைட்டைக் கொஞ்சம் தாண்டும். இன்று செல்போனில் எடுக்கும் ஒரே ஒரு போட்டோ அதைவிடப் பெரியது!

பயணத்தின் முடிவில் ஆழமான ஒரு பாதாளம். அங்கே அரக்கன் காத்திருப்பான் என்று நினைத்தால் ஏமாற்றம். இருப்பது ஒரு ஞானநூல், சில கேள்விகள். பதில் சொல்லி முடித்ததும் கேம் உங்களை வீட்டுக்கு அனுப்பிவைக்கிறது. ‘இங்கே கற்றதை உன் உலகத்தில் வாழ்ந்து காட்டு’ என்பதுதான் வழியனுப்பும் செய்தியின் சாரம். ஜெயித்துவிட்டாய் என்று கைதட்டாமல் வேலையைக் கையில் கொடுத்து அனுப்பும் முடிவு அது.

நல்லதே சட்டமானால்?

குறைகளும் உண்டு. சண்டைகள் ஒரே மாதிரி திரும்பத் திரும்ப வரும். நடந்து நடந்து அலுத்துவிடும். புண்ணியத்தைக் கணக்குப் போட்டுச் சேர்க்கும் குறுக்குவழிகளையும் ஆட்டக்காரர்கள் சீக்கிரமே கண்டுபிடித்தார்கள். பதவிக்காகச் செய்யும் தர்மம் தர்மமா என்ற கேள்வி எழுந்தது.

அந்தக் கேள்வியையே அடுத்த பாகம் கையில் எடுத்தது. 1988-ல் வந்த அல்டிமா 5-ல், ஒரு கொடுங்கோலன் அதே எட்டுக் குணங்களையும் சட்டமாக்கிவிடுகிறான். வருமானத்தில் பாதியைத் தானம் செய், செய்யாவிட்டால் தண்டனை. குணங்கள் அதேதான், ஆனால் நாடே நடுங்குகிறது. பிறகு 1990-ல் வந்த அல்டிமா 6 இன்னும் ஒரு படி மேலே போனது. நான்காம் பாகத்தில் நீங்கள் தேடிப்போன அந்த ஞானநூல் வேறொரு இனத்தாரின் பொக்கிஷம். அது கைமாறியதால் அவர்கள் உலகமே அழிந்துகொண்டிருக்கிறது. அவர்கள் கண்ணுக்கு அவதார் ஒரு பொய்த் தூதர்.

கர்ண மோட்சம் பார்த்தவர்களுக்கு இந்த உணர்வு பழக்கமானது. இரவு முழுக்கப் பாண்டவர் பக்கம் இருந்த மனசு, விடியற்காலையில் கர்ணனுக்காகக் கலங்கும். எதிர்ப்பக்கத்துக்கும் ஒரு நியாயம் இருக்கிறது என்று கேமும் சொல்ல முடியும் எனக் காட்டியது இந்த வரிசை.

இவையும் கிளாசிக்தான்

அல்டிமா 4 மட்டுமில்லை. காலம் தாண்டி நிற்கும் மற்ற ஆர்.பி.ஜி-க்களிலும் இதே குணம் தெரிகிறது.

1995-ல் ஜப்பானில் வெளியானது ‘குரோனோ ட்ரிகர்’. ஆரம்பத்தில் ஒரு திருவிழா. அங்கே ஓரமாக இருக்கும் ஒருவரின் சாப்பாட்டை விளையாட்டாக எடுத்துத் தின்றுவிடலாம். தொலைந்த பூனையைத் தேடும் சிறுமிக்கு உதவலாம், உதவாமலும் போகலாம். ஒன்றும் ஆகாது. கொஞ்ச நேரம் கழித்து ஒரு நீதிமன்றக் காட்சி வரும். குற்றவாளிக் கூண்டில் நீங்கள். திருவிழாவில் பார்த்தவர்கள் ஒவ்வொருவராகச் சாட்சி சொல்ல வருவார்கள்! அந்தச் சாப்பாட்டுக்கு அங்கே பதில் சொல்லியாக வேண்டும்.

1997-ல் வந்த ‘ஃபைனல் ஃபேன்டஸி 7’-ல், கூடவே வரும் ஏரித் என்ற பெண் பாதிக் கதையிலேயே கொல்லப்படுகிறாள். எந்த மருந்தும் மந்திரமும் அவளைத் திரும்பக் கொண்டுவராது. கேமில் செத்தவர்கள் எழுந்துவிடுவார்கள் என்று பழகியிருந்த ஒரு தலைமுறை, கையில் கன்ட்ரோலரோடு அழுதது. அபிமன்னனுக்கு அழுகிற கண்ணீருக்குச் சொந்தக்காரக் கண்ணீர் அது.

நம் பிள்ளைகளுக்குக் கார்ட்டூன் வழியாக அறிமுகமான ‘போகிமான்’கூட 1996-ல் ஆர்.பி.ஜி-யாகத்தான் பிறந்தது. உருவாக்கிய சடோஷி தஜிரி சின்ன வயதில் பூச்சி பிடித்துச் சேர்த்தவர். ஒருவரிடம் எல்லாப் போகிமானும் கிடைக்காத மாதிரி, இரண்டு விதமாக கேமை வெளியிட்டார்கள். நண்பனோடு மாற்றிக்கொண்டால்தான் தொகுப்பு முழுமையாகும். தனியாக ஆடும் கேமுக்குள்ளும் ஒரு கூட்டாளி தேவைப்பட்டான்.

படம் பழசாகிவிடும். சத்தம் பழசாகிவிடும். நீங்கள் செய்த சின்னக் காரியத்தை நினைவில் வைத்திருந்து பின்னால் உங்கள் முன் கொண்டுவந்து நிறுத்தும் கேமை மனசு லேசில் விடாது. பழைய ஆர்.பி.ஜி ஒன்று கிளாசிக் ஆவதற்கு இதுதான் பெரிய காரணம்.

சூதும் விளையாட்டும்

இது ஏதோ நாற்பது வருஷத்துக்கு முந்தைய சங்கதி என்று விட்டுவிட முடியாது. இன்று கிராமம், நகரம் என்ற வித்தியாசமில்லாமல் பிள்ளைகள் கையில் செல்போன். பல இலவச கேம்கள் இலவசமாகத் தொடங்கி, ‘டைமண்ட் வாங்கு, பெட்டியைத் திற, அதிர்ஷ்டம் பார்’ என்று காசில் வந்து நிற்கின்றன. பெரியவர்களையும் விடவில்லை. ஆன்லைன் ரம்மியில் பணம் இழந்தவர்களின் தற்கொலைகளுக்குப் பிறகு தமிழ்நாடு அரசு தனிச் சட்டமே கொண்டுவந்தது. 2025 ஆகஸ்டில் பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளை நாடு முழுவதும் தடை செய்யும் சட்டத்தை நாடாளுமன்றம் நிறைவேற்றியது.

தர்மர் எல்லாவற்றையும் இழந்தது போர்க்களத்தில் இல்லை, ஆட்டப் பலகையில். ‘இன்னும் ஒரு ஆட்டம்’ என்ற ஆசையில் நாடு போனது, தம்பிகள் போனார்கள், கடைசியில் பாஞ்சாலி. ஆட்டம் அவருக்காக இல்லாமல், அவர் ஆட்டத்துக்காக என்று ஆகிவிட்டது. கேம் என்றாலே கெட்டது என்று போனைப் பிடுங்குவதைவிட, இந்த வித்தியாசத்தைப் பிள்ளைக்குச் சொல்லித் தருவது உதவும்.

அடுத்தமுறை வீட்டில் யாராவது கேமில் மூழ்கியிருந்தால், பக்கத்தில் உட்கார்ந்து இந்த மூன்று கேள்விகளைக் கேட்டுப் பாருங்கள்.

1. இந்த கேமுக்கு ஒரு முடிவு இருக்கிறதா? கதை முடிந்தது என்று சொல்லி, ஆடுபவரை அது எப்போதாவது எழுந்து போக விடுமா?

2. தோற்றால் திரும்ப முயற்சி செய்யச் சொல்கிறதா, காசு கட்டச் சொல்கிறதா?

3. உள்ளே வருபவர்களில் யாராவது ஒருவரைப் பற்றி ஒரு கதை சொல்ல முடியுமா?

மூன்றாவது கேள்விக்குப் பிள்ளை கண்கள் விரியப் பதில் சொன்னால், நல்ல கேம்தான் என்று கொஞ்சம் நிம்மதியாக இருக்கலாம்.

ஆடிப் பார்க்க ஆசையா? அல்டிமா 4-ஐ ‘ஜி.ஓ.ஜி’ இணையதளம் கம்ப்யூட்டருக்குச் சட்டப்படி இலவசமாகவே தருகிறது. குரோனோ ட்ரிகரும் ஃபைனல் ஃபேன்டஸி 7-ம் செல்போனிலேயே கிடைக்கின்றன, காசு கொடுத்து வாங்க வேண்டும். இவை எதுவும் தமிழில் இல்லை என்பதால் சின்னப் பிள்ளைகளுக்குப் பெரியவர்கள் துணை தேவைப்படும். அதுவும் நல்லதுக்குத்தான். அந்த மூலிகைக்காரியின் கடைக்கு வரும்போது, ‘எத்தனை காசு வைக்கலாம்?’ என்று பிள்ளையிடமே கேளுங்கள். பதிலுக்குக் கொஞ்சம் காத்திருங்கள்.